பறங்கிப்புண்ணும் தாய்மையும்: பால்வினை நோய்ப் பெயர்களின் வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பால்வினை நோய்களைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாகும். மேகநோய், வெட்டை, கிரந்தி, கொறுக்கு, அரையாப்பு, பறங்கிப்புண் முதலியன மருத்துவ நூல்வழக்கிலும் மக்கள் வழக்கிலும் பயில்கின்றன. ‘பொம்பளைச் சீக்கு’ என்னும் தொடர் பேச்சுவழக்கில் நெடுங்காலம் நிலைத்தது. இப்பெயர்களை ஒருங்குவைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. நோய் யாரிடமிருந்து வந்தது என்னும் வினாவிற்கு விடை கூறும் முயற்சி இவற்றுட் சிலவற்றில் வெளிப்படையாகவே தெரிகிறது. அந்நோய் யாரைச் சென்று சேர்கிறது என்னும் வினாவிற்கு எந்தப் பெயரிலும் இடமில்லை.

கருவுற்ற தாயும் அவள் வயிற்றுக் குழந்தையும் இந்நோய்களால் பெரிதும் இழந்தவர்கள். கருச்சிதைவு, செத்துப் பிறத்தல், குறைமாதப் பிறப்பு, பிறந்த குழந்தையின் கண்ணிழப்பு என அவ்விழப்பு பல வடிவங்களில் நிகழ்ந்தது. இவ்விருவரும் மருத்துவ வரலாற்றில் எப்போது, எவ்வாறு கவனம் பெற்றனர் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கிரந்தி எனப்படும் சிபிலிஸ் முதன்மையாகவும், வெட்டையும் எச்.ஐ.வி.யும் ஒப்புநோக்கவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பெயரும் பழியும்

1495ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லசின் படைகள் நேப்பிள்சில் தங்கியிருந்த காலத்தில் இந்நோய் ஐரோப்பாவில் பெருகத் தொடங்கியது. இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ஒவ்வொரு நாட்டாரும் அண்டை நாட்டாரின் பெயரை நோய்க்குச் சூட்டினர். வெரோனா நகரத்து மருத்துவரும் கவிஞருமான பிரகாஸ்தோரோ 1530இல் இலத்தீன் மொழியில் ஒரு நெடும்பாட்டு இயற்றினார். கதிரவனைப் பழித்தமையால் தண்டிக்கப்பட்ட ஆயன் ஒருவன் அதில் வருகிறான். அவன் பெயரே பின்னர் நோயின் பெயராயிற்று. இலக்கியப் பாத்திரம் ஒன்று நோய்க்குப் பெயர் தந்தது இலக்கிய மாணவர் அறிந்துகொள்ளத்தக்க செய்தியாகும். நோய் என்பது குற்றத்திற்குக் கிடைத்த தண்டனை என்னும் கருத்தும் அப்பெயருடனேயே வந்து சேர்ந்தது என்பது அதனினும் நோக்கத்தக்கது.

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார். அடுத்த நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய ‘பாவப்பிரகாசம்’ என்னும் வடமொழி மருத்துவ நூல், ‘பிரங்க ரோகம்’ என ஒரு நோயைத் தனித்து விளக்குகிறது. பிரங்கர், அதாவது ஐரோப்பியர், உடற்கூட்டால் அது தொற்றும் என்பது அந்நூலின் கருத்து. புறத்தே தோன்றுவது, அகத்தே தோன்றுவது, இரண்டும் கலந்தது என அந்நூல் அதனை மூவகைப்படுத்துகிறது. பண்டைய சரக, சுசுருத நூல்களில் இப்பெயர் இல்லை. எனவே புதிய நோயொன்று புதிய பெயருடன் மருத்துவ நூலுள் நுழைந்தமைக்கு இது தக்க சான்றாகிறது.

பிரங்கர் என்பதன் தமிழ் வடிவமே பறங்கி. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய் என ஊருக்கும் காய்க்கும் அடையாக நிற்கும் இச்சொல், புண்ணுக்கும் அடையாயிற்று. மருந்துக்கும் இதே அடை வாய்த்தது. பறங்கிப்புண்ணுக்குரிய மருந்தாகச் சித்த மருத்துவர் போற்றிய பறங்கிப்பட்டை, சீன நாட்டு வேர்க்கிழங்காகும். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அங்கு அச்சிட்ட தம் உரையாடல் நூலில் இவ்வேரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். நோயும் மருந்தும் ஒரே கடல்வழி வணிகத்தோடு தொடர்புடையனவாதலின், இரண்டிற்கும் ஒரே அடை அமைந்தது எனலாம்.

இவ்விடத்து எச்சரிக்கை ஒன்று தேவை. ஒரு பெயர் எல்லாவிடத்தும் ஒரே நோயைக் குறிப்பதில்லை. இலங்கையில் பறங்கி நோய் எனப்பட்டது, பெரும்பாலும் சிறுவரிடையே தோல்வழிப் பரவும் வேறொரு நோய். அதன் கிருமி கிரந்திக் கிருமியின் நெருங்கிய இனமாயினும், அது பால்வினை நோயன்று. ‘மேகம்’ என்னும் சொல்லோ சிறுநீர் ஒழுக்கு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தது. மதுமேகம் என்பது நீரிழிவைக் குறிக்கும். ஆகவே ஏடுகளில் மேகம் என வருமிடமெல்லாம் பால்வினை நோயே பேசப்படுகிறது எனக் கொள்ளுதல் பிழையாகும்.

பெயரிடப்படாத இறப்புகள்

சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களைப் பேசும் நூல்கள் பாலவாகடம் எனப்படும். கணை, மாந்தம், தோஷம் எனப் பல வகைகளை அவை விரித்துரைக்கின்றன. குழந்தை மெலிந்து வற்றுதல், ஓயாது அழுதல், தோல் சிவந்து உரிதல், மூக்கடைத்துப் பால் குடிக்க இயலாமை முதலிய குறிகள் நாட்டு மருத்துவருக்கும் மருத்துவச்சியருக்கும் நன்கு அறிமுகமானவை. கிரந்தியுடன் பிறக்கும் குழந்தையிடம் காணப்படும் குறிகளும் இவற்றை ஒத்தனவே. மூக்கில் குருதி கலந்த சளி, உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளம், ஈரல் மண்ணீரல் வீக்கம், எலும்பு நோவால் கைகாலை அசைக்காமை ஆகியவை இன்றைய மருத்துவம் கூறும் அடையாளங்கள். பழைய வகைப்பாட்டில் கணை என்றும் தோஷம் என்றும் எண்ணப்பட்ட குழந்தைகளுள் கிரந்தியால் இறந்தோரும் இருந்திருத்தல் கூடும். எனினும் எந்தக் குறியையும் தனித்தெடுத்து இந்நோய்க்கே உரியதெனச் சாதித்தல் முறையன்று. இவற்றுட் பல, வேறு நோய்களிலும் ஊட்டக்குறைவிலும் தோன்றுவனவே.

அவ்வாறே, புறநானூற்றின் 28ஆம் பாடல் எண்வகைப் பிறவிக் குறைகளை எண்ணுவதைக் கொண்டு இந்நோயின் தொன்மையை நிறுவ முனைவதும் பொருந்தாது. பிறவிக் குறைபாட்டிற்குக் காரணங்கள் பல. அப்பாடல் காட்டுவது, அத்தகைய பிறப்புகளைப் பற்றிய கவலை மிகப் பழமையானது என்பதை மட்டுமே.

ஒன்று மட்டும் உறுதியாகக் கூறலாம். அடுத்தடுத்துக் கருச்சிதைந்தும், செத்துப் பிறந்தும், பிறந்து சில நாளில் இறந்தும் மக்களை இழந்த பெண்ணைத் தமிழ்ச் சமூகம் நோயாளியாகக் காணவில்லை. பாவம், சாபம், வயிற்றுத் தோஷம் எனப் பழி அவள்மேல் ஏறியது. கணவனுக்கு மறுமணம் செய்வித்தல் தீர்வாகக் கருதப்பட்டது. நோய் கணவனிடமிருந்து வந்ததாயின், அத்தீர்வு மற்றுமொரு பெண்ணை அதே துயருக்கு உட்படுத்தியிருக்கும்.

மருந்தும் இடர் நிறைந்ததாகவே இருந்தது. இரசம், இரசகற்பூரம் முதலிய பாதரசச் சரக்குகள் கிழக்கிலும் மேற்கிலும் இந்நோய்க்கு நானூறு ஆண்டுகளுக்கும் குறையாமல் வழங்கப்பட்டன. பாதரசம் தாயின் உடலிலிருந்து கருவிற்கும் செல்லவல்லது என்பது இன்று தெளிவு. நோயால் வரும் கேடும் மருந்தால் வரும் கேடும் பிரித்தறிய இயலாதவாறு கருவில் கலந்தன.

படைமுகாமும் பூட்டு மருத்துவமனையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் பால்வினை நோய் படைவலிமை பற்றிய சிக்கலாகக் கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சென்னை மாகாணத்துப் படைமுகாம் ஊர்களில் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட மருத்துவமனைகள் இயங்கின. 1864ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம் படைமுகாம்களிலும், 1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமாகிய தொற்றுநோய்ச் சட்டம் நகரங்களிலும் இம்முறையை வலுப்படுத்தின. பரத்தையர் எனக் கருதப்பட்ட பெண்கள் பதிவு செய்யப்பட்டனர். குறித்த காலங்களில் உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். நோயுடையோர் குணமாகும்வரை அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களை நாடிச் சென்ற படைவீரர்க்கு அத்தகைய கட்டாயப் பதிவு இல்லை. எதிர்ப்புகள் வலுத்ததன் விளைவாக 1868ஆம் ஆண்டுச் சட்டம் 1888இல் நீக்கப்பட்டது.

இச்சட்டங்களின் உட்பொருள் ‘பொம்பளைச் சீக்கு’ என்னும் பேச்சுவழக்கின் உட்பொருளோடு ஒத்துச் செல்கிறது. இரண்டும் பெண்ணை நோயின் ஊற்றாகக் கண்டன. அடைக்கப்பட்ட பெண் கருவுற்றிருந்தால் அவள் கருவிற்கு என்ன நேரும் என்பது சட்டத்தின் நோக்கத்துள் இடம்பெறவில்லை. இல்லறத்தில் இருந்த மனைவியோ சட்டத்தின் பார்வைக்கே வரவில்லை. சென்னையில் 1844இலேயே அரசு மகப்பேற்று மருத்துவமனை தோன்றியிருந்தது. எனினும் மகப்பேறும் பால்வினை நோயும் தனித்தனித் துறைகளாகவே நடத்தப்பட்டன. ஒன்று தாய்க்குரியது, மற்றொன்று பரத்தைக்குரியது என்னும் பாகுபாடு அக்கால மருத்துவ நிருவாகத்தில் வேரூன்றியிருந்தது.

‘நலமுடைய’ தாய் என்னும் பிழை

அதே நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்கள் ஒரு புதிருக்கு விடை தேடினர். டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1837இல் ஒரு கருத்தை வெளியிட்டார். கிரந்தியுடன் பிறந்த குழந்தைக்குப் பெற்ற தாய் பாலூட்டினால் அவள் மார்பில் புண் தோன்றுவதில்லை. நலமுடைய செவிலி பாலூட்டினால் அவளுக்கு நோய் தொற்றுகிறது என்பது அவர் கண்டது. உற்றுநோக்கல் சரியானதே. ஆனால் அதற்குப் பின்வந்தோர் கூறிய விளக்கம் பிழைபட்டது. தாயிடம் புறக்குறி எதுவும் இல்லையாதலின் அவள் நோயற்றவள். தந்தையின் வித்து வழியாகக் குழந்தைக்கு நோய் நேரே சென்றது எனப் பலர் கொண்டனர். அவள் நலமாயிருக்கிறாள் என்று கருதியமையால் அவளுக்கு மருத்துவமும் மறுக்கப்பட்டது.

இவ்விடத்தில் செவிலித்தாயின் நிலையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்து ஆளாக்கும் சிறப்புமிக்க பாத்திரம் செவிலி. ஐரோப்பியச் செல்வர் இல்லங்களிலோ கூலிக்குப் பாலூட்டிய ஏழைச் செவிலியர், நோயுற்ற குழந்தையால் தாம் நோயுற்று, அதனைத் தம் கணவருக்கும் மக்களுக்கும் கொண்டுசென்றனர். தொற்று எப்போதும் தாழ்ந்தோரிடமிருந்தே உயர்ந்தோரை அடைகிறது என்னும் எண்ணத்தை இச்செய்தி பொய்யாக்குகிறது.

வியன்னாவின் காசோவிட்சு 1870களில் மற்றொரு ஒழுங்கைக் கண்டறிந்தார். மருத்துவம் பெறாத தாயின் முதற் கருக்கள் சிதைகின்றன. அடுத்தவை செத்துப் பிறக்கின்றன. அதன்பின் நோயுடன் உயிரோடு பிறக்கின்றன. இறுதியில் நலமுள்ள குழந்தையும் பிறக்கக்கூடும். தாயின் நோய் பழமையடையுந்தோறும் கருவைத் தாக்கும் ஆற்றல் குறைவதே இதற்குக் காரணம். சாபத்தின் வரிசை எனப்பட்டது நோயின் வரிசையே என்பது இதனால் விளங்கிற்று. இலண்டன் மருத்துவர் ஜொனாத்தன் அட்சின்சன், இந்நோயுடன் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் பிளவுற்ற முன்பற்கள், கருவிழி அழற்சி, செவிடு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைக் காட்டினார். பிறப்பில் நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் பின்னாளில் கண்ணும் செவியும் கெடலாம் என்பது இதன் பொருள்.

வெட்டை நோயின் வரலாறு சற்று வேறானது. பிறந்த குழந்தையின் கண்களில் சீழ் கட்டிப் பார்வை அழிதல் ஐரோப்பியக் குருடர் பள்ளிகளை நிரப்பிய காரணங்களுள் முதன்மையானது. பிரசவத்தின்போது தாயின் பிறப்புவழியிலிருந்து கிருமி கண்ணிற் படிகிறது. 1879இல் நைசர் அக்கிருமியைக் கண்டார். 1880இல் லைப்சிக் மகப்பேற்று மருத்துவர் கிரெடே, பிறந்தவுடன் குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட்டு நீர்மத்தைச் சொட்டாக இடத் தொடங்கினார். பத்து விழுக்காட்டளவில் இருந்த கண்ணழற்சி ஒரு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. எந்தத் தாயையும் வினவாமல், எல்லாக் குழந்தைக்கும் ஒரே வகையில் செய்த காப்பு இது. யார்மீதும் ஐயங்கொள்ளாமல் அனைவரையும் காக்கும் முறைக்கு இது சிறந்த முன்மாதிரியாயிற்று.

சோதனையும் ஊசியும்

1905இல் சௌதின், ஆப்மன் ஆகிய இருவரும் கிரந்திக் கிருமியைக் கண்டனர். 1906இல் வாசர்மன் குருதிச் சோதனை வெளிவந்தது. காலிசின் புதிருக்கு விடை இச்சோதனையால் கிடைத்தது. ‘நலமுடையவள்’ எனப்பட்ட தாயரின் குருதியும் நோய்க்குறி காட்டியது. அவர்கள் நோயுற்றே இருந்தனர்; குறி மட்டுமே மறைந்திருந்தது. குழந்தைக்கு நோய் சென்ற வழி தாயின் நஞ்சுக்கொடியே என்பதும், அத்தாய்க்கு மருத்துவம் செய்தால் குழந்தையைக் காக்கலாம் என்பதும் அதன்பின்னரே உறுதிப்பட்டன. ஏறத்தாழ எழுபது ஆண்டுக்காலம் ஒரு பிழையான விளக்கம் தாயரிடமிருந்து மருந்தை விலக்கி வைத்திருந்தது.

1910இல் எர்லிக்கின் சால்வர்சான் பயன்பாட்டிற்கு வந்தது. அது ஆர்செனிக் சேர்மம், பக்கவிளைவு மிக்கது. 1943இல் மகோனியும் அவர்தம் குழுவினரும் பெனிசிலினால் கிரந்தி குணமாதலைக் காட்டினர். நீண்டு நிற்கும் பென்சத்தீன் பெனிசிலின் 1950களில் வந்தபின், தொடக்க நிலை நோய்க்கு 24 இலட்சம் அலகு கொண்ட ஒரே ஊசி போதுமானதாயிற்று. பேறுகாலத்திற்கு முப்பது நாளேனும் முன்னர் இதனைச் செலுத்தினால் தாயோடு கருவும் குணமாகும். கணவனுக்கும் மருத்துவம் செய்யாவிடின் அவளுக்கு மீண்டும் தொற்றும். கருவின் முதல் மாதங்களில் கிருமி நஞ்சுக்கொடியைக் கடக்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சிதைந்த இளங்கருக்களில் கிருமி இருந்ததை 1976இல் வெளிவந்த ஆய்வு காட்டியபின் அந்நம்பிக்கையும் நீங்கியது. எனவே சோதனை எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நன்று.

இந்திய மகப்பேற்று மருத்துவக் கல்வியில் இவ்வறிவு இடம்பெற்றமைக்குச் சென்னையின் பங்கு குறிப்பிடத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அடிப்படையில் மகப்பேற்று மருத்துவர். 1938இல் வெளிவந்த அவரது மகப்பேற்று மருத்துவப் பாடநூல், பின்வந்த பதிப்புகளாக இன்றும் மருத்துவ மாணவரால் பயிலப்படுகிறது. ‘வி.டி.ஆர்.எல்.’ என்னும் குருதிச் சோதனை 1946இல் உருவானது. பின்னர் அது கருவுற்ற தாயர்க்குரிய வழக்கமான சோதனைகளுள் ஒன்றாயிற்று. தன் சோதனை அட்டையில் எழுதப்பட்ட அவ்வெழுத்துகளின் பொருளை அறியாமலே அச்சோதனையால் காக்கப்பட்ட தாயர் பலர்.

1986: பழைய பழியின் மீள்வருகை

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். குருதி மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. பாலியல் தொழில் காரணமாகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்தே அவை பெறப்பட்டிருந்தன. அக்கண்டுபிடிப்பு எண்ணற்றோரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணின் உடலில் நோயைத் தேடும் முறை நூறாண்டுக்குப் பின்னும் தொடர்ந்தது என்பதும் வரலாற்று மாணவர் கண்ணில் படாமற் போகாது. தாம் சோதிக்கப்பட்ட பெண்களுள் பலர் பிறரால் வஞ்சிக்கப்பட்டவர்கள் என்பதும், தொற்றுற்ற மனைவியருட் பெரும்பாலோர் தம் கணவரன்றிப் பிறரை அறியாதவர் என்பதும் பின்னர் வெளிப்பட்டன.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை மருந்தால் தடுக்கலாம் என்பதை 1994இல் வெளிவந்த மருந்தாய்வு நிறுவியது. சிடோவுடின் மருந்தினால் பரவல் ஏறத்தாழ 25 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது. இந்தியாவில் 2002இல் இதற்கென ஒரு நாடளாவிய திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. உலக வழக்கில் ‘தாயிடமிருந்து சேய்க்குப் பரவுதல்’ எனப்பட்டதை, இந்தியத் திட்டம் ‘பெற்றோரிடமிருந்து குழந்தைக்குப் பரவுதல்’ எனக் குறித்தது. கிருமி தாயின் உடல்வழியே செல்கிறது என்பது மருத்துவ உண்மை. ஆயினும் அப்பெயர் பழியைத் தாய்மீது மட்டும் சுமத்தாமல் தந்தையின் பொறுப்பையும் நினைவூட்டியது. பறங்கியைப் பழித்த பெயருக்கும் பெண்ணைப் பழித்த பெயருக்கும் பின்னர் வந்த இப்பெயர், பெயரிடுவோரின் நோக்கு மாறியதைக் காட்டுகிறது. 2014 முதல் தொற்றுள்ள எல்லாக் கருவுற்ற தாயர்க்கும் வாழ்நாள் முழுமைக்குமான கூட்டுமருந்து வழங்கப்படுகிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், இசைவின்றிச் சோதித்தலையும் தொற்றுள்ளோரை வேறுபடுத்தி நடத்துதலையும் தடை செய்கிறது.

எஞ்சிய கடமை

புதிய நோய்க்குக் கிடைத்த கவனம் பழைய நோய்க்குக் கிடைக்கவில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 6,61,000 கருக்களும் குழந்தைகளும் பிறவிக் கிரந்திக்கு ஆளாயினர். அவற்றுள் ஏறத்தாழ 1,43,000 கருவிலேயே இறந்தன அல்லது செத்துப் பிறந்தன. 61,000 குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்திற்குள் இறந்தனர். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்து கையிலிருக்கும் ஒரு நோயால் நேர்ந்த இழப்பு இது. மருந்தின் விலையோ மிகக் குறைவு. தடையாய் நிற்பன, தாய் காலந்தாழ்த்தி மருத்துவமனைக்கு வருதல், சோதனை முடிவு அவளிடம் சேராமை, கணவன் மருத்துவத்திற்கு வர மறுத்தல், இவற்றிற்கெல்லாம் அடியில் இருக்கும் வெட்கம் ஆகியனவே.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுவதை ஒழித்த முதல் நாடாக 2015இல் கியூபா உலக நலவாழ்வு அமைப்பால் அறிவிக்கப்பட்டது. தாய்லாந்து 2016இலும், இலங்கை 2019இலும் அந்நிலையை எய்தின. தமிழும் சிங்களமும் வழங்கும் அண்டை நாடொன்று இதனை இயற்றியுள்ளமையால், இது செல்வ நாடுகளுக்கே இயலும் என்னும் வாதம் நிற்காது. இந்தியாவும் 2015இல் பிறவிக் கிரந்தியை ஒழிப்பதற்கான தேசிய வழிமுறையை வகுத்தது. அண்மைக்காலத் திட்டங்களில் எச்.ஐ.வி.யும் கிரந்தியும் ஒருங்கே இடம்பெறுவது வரவேற்கத்தக்கது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பால்வினை நோய்ப் பெயர்கள் நோயின் இயல்பைவிடப் பெயரிட்டோரின் அச்சத்தையே மிகுதியும் பதிவு செய்துள்ளன. இரண்டாவதாக, அப்பெயர்களில் உறைந்த பழி, சட்டமாகவும் மருத்துவக் கோட்பாடாகவும் வடிவெடுத்துத் தாயரை மருந்திலிருந்து விலக்கியது. மூன்றாவதாக, யாரையும் குற்றவாளியாகக் கருதாது எல்லாத் தாயரையும் ஒருநிகராகச் சோதித்துக் காத்த முறைகளே வெற்றி பெற்றன.

‘பால்வினை’ என்னும் இன்றைய சொல் பறங்கியையும் பெண்ணையும் சுட்டாது செயலை மட்டும் சுட்டுகிறது. எனினும் வினை என்பதற்கு ஊழ்வினை என்னும் பொருளும் தமிழில் உண்டு. குறைப்பிள்ளை பெற்ற பெண்ணை ‘அவள் செய்த வினை’ என்று கூறும் வாய்கள் இன்னும் ஓயவில்லை. அகராதி தொகுப்போரும், கலைச்சொல் ஆக்குவோரும், மருத்துவ அறிவிப்புகளைத் தமிழில் எழுதுவோரும் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, முதற்பேற்றிற்காக மருத்துவமனை வரிசையில் நிற்கும் பெண்ணொருத்தி அச்சொல்லைக் கேட்டுச் சோதனை அறைக்குள் செல்வாளா, அஞ்சி வீடு திரும்புவாளா என்று எண்ணிப்பார்ப்பது மொழியறிஞர் கடமையுமாகும்.